தம்பி சட்டையில் இருந்தது யார் ரத்தம்? டிஎன்ஏ சோதனைக்கு அரசு பணம் தருமா?

திரிலோக்புரி அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை வாங்கி ஒன்பது வருஷமாக டெல்லி திஹார் சிறையில் இருக்கிறான். ஹைகோர்ட்டில் அப்பீல் இன்னும் நிலுவையில்தான் கிடக்கிறது. ஓக்லாவில் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். கைதாவதற்கு நாலு நாள் முன்பு தகடு கிழித்து இடது உள்ளங்கையில் நான்கு தையல். அன்றைக்குப் போட்டிருந்த நீலக்கட்டம் போட்ட சட்டையைத்தான் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. ஆய்வக அறிக்கையில் அந்தச் சட்டைக்கு ஒரே வரிதான்: மனித ரத்தம், பிரிவு கண்டறிய முடியவில்லை. செத்துப்போனவரின் ரத்தம் அது என்றார்கள், தீர்ப்பும் அப்படியே வந்துவிட்டது. டிஎன்ஏ எடுக்கவே இல்லை. வக்கீல் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அமெரிக்காவில் கிர்க் பிளட்ஸ்வொர்த் என்பவருக்கு 1985இல் மரண தண்டனை விதித்து, 1993இல் டிஎன்ஏ சோதனையால் விடுவித்தார்களாம். 2004இல் வந்த ஒரு சட்டத்தில் அவர் பெயரிலேயே ஒரு திட்டம் வைத்து, தண்டனைக்குப் பிறகான சோதனைகளுக்காக மாநிலங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்க வழி செய்தார்கள் என்று படித்தேன். நான் மூன்று வீட்டில் சமையல் வேலை செய்கிறேன். இங்கே அப்படி ஏதாவது உண்டா? சட்டையை எடுத்தது அரசு, வைத்திருப்பது அரசு. சோதிக்கிற செலவு மட்டும் எங்கள் தலையில் விழுவது என்ன நியாயம்?

மயூர் விஹார் வக்கீல்:
அக்கா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். தண்டனைக்குப் பிறகான சோதனைக்கென்று தனி நிதி நம் நாட்டில் இல்லை. 2019இல் கொண்டுவந்த டிஎன்ஏ மசோதாவையும் 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் 1987ஆம் வருஷச் சட்ட உதவிச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அவர் மூலமாக அப்பீலிலேயே கூடுதல் சாட்சியம் கேட்டு மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 391ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 432. கோர்ட் உத்தரவிட்டால் சட்டை நேராக அரசு ஆய்வகத்துக்குப் போகும். செலவை அரசே ஏற்கவேண்டும் என்று அதே மனுவில் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வழக்குப் பொருள்களை எப்போது அழிக்கலாம் என்று எழுதியிருக்கும். சட்டை மால்கானாவில், அதாவது வழக்குப் பொருள்களைப் பூட்டி வைக்கும் அறையில், இருக்கிறதா என்று தெரியாமல் பணத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அமெரிக்கச் சட்டத்திலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்: காசோடு சேர்த்து, தடயத்தைப் பத்திரமாக வைக்கவேண்டும் என்ற கடமையையும் எழுதினார்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வகக்காரர்:
பிரிவு தெரியவில்லை என்றால் டிஎன்ஏவும் கிடைக்காது என்று அர்த்தமில்லை அம்மா. பருத்தித் துணியில் காய்ந்த கறை, காகித உறையில் ஈரம் படாமல் இருந்தால் பல வருஷம் கழித்தும் பலன் தரும். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் மடித்திருந்தால் கஷ்டம். டெல்லி மழைக்காலத்துப் பூஞ்சை எதையும் விட்டுவைக்காது. பொட்டலத்தின் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். தேனி சுருளி அருவி வழக்கில் மாதிரியைக் கையாண்ட விதம் சரியில்லை என்பதால் 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் டிஎன்ஏ அறிக்கையையே நம்ப மறுத்து, மரண தண்டனைக் கைதியை விடுவித்தது. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போகவேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வேண்டும் என்றும் சொன்னது.

ஒப்பிட இரண்டு பேர் ரத்தம் வேண்டும். தம்பியுடையதை இன்றைக்கே எடுக்கலாம். இறந்தவருடையதை பிரேதப் பரிசோதனையில் காஸ் துணியில் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) நனைத்துக் காயவைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் அவருடைய அம்மா, அப்பாவிடம் கேட்கவேண்டியிருக்கும்.

லக்ஷ்மிநகர்:
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. ரத்தம் இறந்தவருடையதுதான் என்று வந்தால்? இப்போது சந்தேகத்தின் பலனாவது கிடைக்கலாம். அதுவும் போய்விடும். தம்பியிடம் கேட்காமல் மனு போடாதீர்கள்.

திரிலோக்புரி அக்கா:
கேட்டேன். செவ்வாய்க்கிழமை முலாகாத்தில் (சிறைச் சந்திப்பில்) நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. இடது கையைக் கண்ணாடியில் பதித்துக் காட்டினான். கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளைக் கோடாகத் தழும்பு, தையல் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. அப்புறம் ரிசீவரை எடுத்து, "எடுக்கச் சொல்லுக்கா, நாளைக்கே எடுக்கச் சொல்லு" என்றான்.

அந்த அம்மாவின் ரத்தத்தைக் கேட்கவேண்டி வருமோ என்று இரண்டு ராத்திரி தூக்கமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். எங்கள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது, அதில் தப்புமில்லை. நல்லவேளை, பொருள் பட்டியலில் ஏழாவது பொட்டலம் காஸ் துணி என்றிருக்கிறது. கடைசிப் பக்கத்தையும் ஹிந்தி தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டினாள்: அப்பீல் முடியும்வரை எதையும் அழிக்கக்கூடாது. சிறையில் உள்ள சட்ட உதவி மையத்தில் தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். ஓய்வுபெற்ற ஐயா, முத்திரையைப் பற்றி மனுவில் எப்படி எழுதவேண்டும் என்று கொஞ்சம் சொல்லுங்கள். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.