மின்னூலை ஒரே தளத்தில் வெளியிடுவதா, பல தளங்களிலா?

அனைவருக்கும் வணக்கம். மெய்ப்புப் பார்த்து முடித்த என் முதல் நாவலை நானே வெளியிடவிருப்பதால், அனுபவமுள்ள எழுத்தாளர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

எழுத்தாளர்கள் தாமே நூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி சேவையில் உள்ள 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், அமேசானின் மின்னூல் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கேற்பப் பணம் கிடைக்கும் என்றாலும், 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெந்தத் தளத்திலும், நம் சொந்த வலைப்பூவில் இலவசமாகக்கூட, முழுமையாகத் தர இயலாது. (அச்சு நூலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.) புதிய எழுத்தாளருக்கு வருமானத்தைவிடப் பரவலான வாசகர்களே முதல் தேவை என்று நான் உறுதியாக நம்புவதால், இந்தத் தடை என்னைத் தயங்க வைக்கிறது.

முதலில் அதில் சேர்ந்து, தானாகப் புதுப்பிக்கப்படும் வசதியை நிறுத்தி, காலம் முடிந்தபின் பிற தளங்களுக்கும் சென்றவர்கள் இருந்தால், அதன்பின் விற்பனையும் மதிப்புரைகளும் எவ்வாறு இருந்தன என்று தெரிவிக்க வேண்டுகிறேன். அச்சுப் பதிப்புக்கான ஐஎஸ்பிஎன் என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண்ணை நீங்களே பெற்றீர்களா என்பதையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.