ஜெல் மட்டும் தடவினு இருந்தேன், கேப்சூல வுட்டுட்டேன்... இப்ப லேசா தீட்டு படுது

இட்லிக்கடை அக்கா, தண்டையார்பேட்டை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 51 வயசு, தீட்டு நின்னு ரெண்டு வருஷம் ஆவுது. உடம்பு கொதிக்கிறது அடுப்பாண்ட நிக்கிறதாலன்னு தான் நெனச்சினு இருந்தேன், ஆனா ராத்திரி ஃபேனுக்கு கீழ படுத்தாலும் கழுத்துலேர்ந்து குப்புனு ஏறுது, நைட்டிய புழிஞ்சா தண்ணி வரும் அப்படி வேர்க்குது. டாக்டரம்மா பிரஷர் பாத்து மேமோகிராம் ஸ்கேன் எல்லாம் எடுத்துட்டு தான் கையில தடவுற ஹார்மோன் ஜெல்லும் ராத்திரிக்கு புரோஜெஸ்டிரோன் 100 கேப்சூல் ஒண்ணும் எழுதினாங்க. ஒரு மாசத்துல கொதிப்பு பாதி கொறஞ்சிடுச்சு, பொய் சொல்லக்கூடாது.

பிரச்சன இன்னான்னா நான் காலைல மூணரைக்கு எழுந்தாவணும். கேப்சூல் போட்டா தல சுத்தினு தூக்கம் கலையவே மாட்டேங்குது, ஒரு நாள் தூக்க கலக்கத்துல இட்லி குண்டான் மூடிய தொறந்து ஆவிலயே கைய வுட்டுட்டேன், கொப்புளம் ஆற பத்து நாள். பக்கத்து வூட்டம்மா "கொதிப்ப நிறுத்துறது ஜெல்லு தான், கேப்சூல் சொம்மா சத்துக்கு"ன்னாங்க, நானும் வுட்டுட்டேன். நாலு மாசம் ஜெல் மட்டும், பையன் பழைய சீட்ட காட்டி வாங்கினு வந்துடுவான். போன வாரத்துலேர்ந்து பாவாடைல காபிக்கறை மாதிரி படுது. மறுபடியும் மாசாமாசம் வர ஆரம்பிச்சிடுச்சா? நாத்தனார் வேற ஹார்மோன்னாலே கேன்சர்னு பயமுறுத்தினு கீது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜோதி, கொருக்குப்பேட்டை:
அக்கா பயப்படாதீங்க, நானும் மூணு வருஷமா ஜெல் மட்டும் தான் தடவுறேன், எனக்கு டாக்டர் கேப்சூலே எழுதல. ஒண்ணும் ஆவல, நல்லா தான் இருக்கேன்.

ராயபுரம் சிஸ்டர், ரிட்டையர்டு நர்ஸ்:
ஜோதி, ஒரு கேள்வி. உங்களுக்கு கர்ப்பப்பை எடுத்துட்டாங்களா?

ஜோதி, கொருக்குப்பேட்டை:
ஆமா சிஸ்டர், கட்டி இருந்துச்சுன்னு 2019லயே எடுத்துட்டாங்க.

ராயபுரம் சிஸ்டர், ரிட்டையர்டு நர்ஸ்:
அதான் விஷயமே. அக்கா, இத நல்லா கேட்டுக்கோங்க, ஜெல்லுல இருக்கிறது ஈஸ்ட்ரோஜென், அது கர்ப்பப்பை உள்சுவர வளர வெச்சினே இருக்கும். அந்த வளர்ச்சிக்கு பிரேக்கு தான் அந்த கேப்சூல். ஜோதிக்கு கர்ப்பப்பையே இல்ல, அதனால பிரேக்கு தேவையில்ல. உங்களுக்கு இருக்கு. பிரேக்க கழட்டிட்டு நாலு மாசம் வண்டி ஓட்டிருக்கீங்க, உள்ள சுவர் தடிச்சிருக்கலாம், வருஷக்கணக்குல இப்படியே வுட்டா கர்ப்பப்பை கேன்சர் வரைக்கும் போக வாய்ப்பிருக்கு. சத்துக்குன்னு சொன்ன பக்கத்து வூட்டம்மாவ நான் ஒரு நாள் பாக்கணும்.

தீட்டு நின்னு ஒரு வருஷம் தாண்டிட்டா அப்புறம் சொட்டு பட்டாலும் காமிச்சே ஆவணும், காபி கலரா இருந்தாலும் சரி. ஹார்மோன் ஆரம்பிச்ச மொத மூணு ஆறு மாசம் லேசா படுறது சகஜம் தான், ஆனா நீங்க கேப்சூல வுட்டதால அந்த கணக்குல சேத்துக்காதீங்க. இப்படி படுறவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு கேன்சரா இருக்காது, அதனால நடுங்காதீங்க, ஆனா இந்த வாரமே போங்க. உள்ள வுட்டு எடுக்கிற ஸ்கேன்ல சுவர் எத்தன மில்லிமீட்டர்னு பாப்பாங்க, தேவைப்பட்டா துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. காசு பிரச்சனன்னா நம்ம ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் கவர்மெண்டு பிரசவ ஆஸ்பத்திரி ஓபிக்கு போங்க, கேப்சூல வுட்டத மறைக்காம சொல்லுங்க. திட்டுவாங்க, வாங்கிக்கோங்க.

நாத்தனார் பயத்துக்கு: 2002ல அமெரிக்காவுல டபிள்யூஎச்ஐன்னு, தீட்டு நின்ன பொம்பளைங்களுக்கு ஹார்மோன் குடுத்து பாத்த ஒரு பெரிய ஆராய்ச்சிய பாதில நிறுத்தினாங்க, அந்த பயம் தான் இன்னிக்கும் ஓடினு கீது. அதுல ஹார்மோன் சாப்டாதவங்கள்ல மார்பக கேன்சர் வருஷத்துக்கு 10,000 பேர்ல 30 பேருக்கு வர்றது, ரெண்டு ஹார்மோனும் மாத்திரையா சாப்ட்டவங்களுக்கு 38 ஆச்சு. ஆனா சேந்தவங்களோட சராசரி வயசு 63. தீட்டு நின்னு பத்து வருஷத்துக்குள்ள, 60க்கு முன்னாடி ஆரம்பிக்கிறவங்களுக்கு பொதுவா நன்மை தான் ஜாஸ்தின்னு இப்ப சொல்றாங்க. மார்பக கேன்சர், பக்கவாதம், ஹார்ட் அட்டாக், கால்ல ரத்தக்கட்டு, லிவர் கோளாறு, இதுல ஏதாவது இருந்திருந்தா தான் வேற கதை, அத மொதல்லயே சொல்லணும்.

தூக்கத்துக்கு ஒண்ணு. சாப்ட்ட கையோட கேப்சூல் போடுறீங்களா? சோத்தோட போனா உடம்புல ஜாஸ்தி ஏறும், மயக்கமும் ஜாஸ்தி. அதே கேப்சூல கீழ் வழியா வெக்கிறது, கர்ப்பப்பை உள்ள ஹார்மோன் லூப் போடுறதுன்னு வேற வழியும் இருக்கு, டாக்டர கேளுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, நீங்களா கூட்டாதீங்க.

மெடிக்கல் தம்பி, வியாசர்பாடி:
கவுண்டர்ல நிக்கிறவன் சொல்றேன், பழைய சீட்டுல ஜெல் மட்டும் வாங்கினு கேப்சூல் வேணாம்னு போறவங்க நெறைய. நாங்களும் அவசரத்துல கேக்கறதில்ல, தப்பு தான். அப்பால அக்கா, ஜெல் தடவினா காயிற வரைக்கும் அடுப்பாண்ட போவாதீங்க, அதுல ஸ்பிரிட்டு இருக்கு, பத்திக்கும். ஒரு மணி நேரத்துக்கு தண்ணி ஊத்தாதீங்க. பேரப்புள்ளய தூக்குறதுன்னா தடவின எடம் புள்ள மேல படாம பாத்துக்கோங்க, மருந்து அதுக்கும் ஒட்டும்.

செல்வி, பெரம்பூர்:
உளுந்தங்களி சாப்டுங்க அக்கா, எல்லாம் சரியாயிடும், எங்க ஆயா காலத்துல ஏது ஜெல்லு

ராயபுரம் சிஸ்டர், ரிட்டையர்டு நர்ஸ்:
களி சாப்டட்டும், நானும் சாப்டுறேன். ஸ்கேனுக்கு போயிட்டு வந்து சாப்டட்டும்.

இட்லிக்கடை அக்கா, தண்டையார்பேட்டை:
சிஸ்டர், செவ்வாக்கெழம போயிட்டு வந்துட்டேன். நீங்க சொன்னா மாதிரியே திட்டு வுழுந்துச்சு. ஸ்கேன்ல 9 மில்லிமீட்டர்னு வந்துச்சு, 4க்குள்ள இருந்தா கவலையில்லன்னாங்க, துளி சதை எடுத்துட்டாங்க, சுருக்குனு ஒரு நிமிஷம் இழுத்துச்சு அவ்ளோ தான். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஜெல்ல நிறுத்த சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரியே மறுபடியும் கொதிப்பு. நீங்க கேட்டது சரி தான் சிஸ்டர், கடைய கழுவிட்டு பத்து மணிக்கு சோறு, சோத்தோடவே கேப்சூல், அப்படி தான் போட்டினு இருந்தேன். அடுத்த வெள்ளி ரிசல்ட்டு. அது வரைக்கும் மொத ஈட்ட மருமவ எறக்குறேன்னு சொல்லிட்டா.