பூம்பாறை சொந்தங்கள்

ராசு பெரியப்பா: கண்ணா, நேற்று அந்த டெலஸ்கோப் கர்ர் என்று தானாகவே திரும்பிக்கொண்டிருந்ததே, எதைத் தேடுகிறது?

கண்ணன்: சர்வதேச விண்வெளி நிலையத்தைத் துரத்துகிறது பெரியப்பா. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பொருள், கையால் தள்ளித் தொடர்வது பெரும்பாடு. லேப்டாப் சொல்லச் சொல்ல மோட்டார் திருப்பும்.

மலர் சித்தி: லேப்டாப்புக்கு யார் சொல்வது?

கண்ணன்: டிஎல்இ என்று, நிலையம் சுற்றும் பாதையைச் சொல்லும் இரண்டு வரி எண்கள், செலஸ்ட்ராக் இணையதளத்தில் சும்மாவே கிடைக்கும். அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று இருப்பதால் நிலையம் மெல்ல இறங்கும், அவ்வப்போது இன்ஜின் போட்டு மேலே ஏற்றுவார்கள், ஏற்றிவிட்டால் பழைய எண் செல்லாது. அதனால் அன்றன்றைக்குப் புதிதாக எடுத்துக்கொள்வேன்.

பிரியா: நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லையா அண்ணா?

கண்ணன்: அங்கேதான் எல்லாம் இருக்கிறது! கடிகாரம் ஒரே ஒரு நொடி தப்பினால், நிலையம் தலைக்கு மேலே வரும்போது ஒரு டிகிரி விலகிவிடும், அதாவது இரண்டு நிலா அகலம். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் தெரியும் வட்டமே அவ்வளவு இருக்காது. அதனால் ஜிபிஎஸ்ஸில் நேரம் எடுக்கிறேன்.

ராசு பெரியப்பா: இன்றைக்கு நேர் உச்சியில் போகிறதாமே, பேரன் சொன்னான். வசதிதானே?

கண்ணன்: வெறும் கண்ணுக்கு வசதி, நமக்குத் தொல்லை. டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் இந்த மவுண்ட் பீரங்கி மாதிரி, பக்கவாட்டில் சுழலும், மேலும் கீழும் ஏறி இறங்கும், அவ்வளவுதான். உச்சியைத் தாண்டும்போது கண்மூடித் திறப்பதற்குள் அரைச்சுற்று திரும்ப வேண்டும், இந்த மோட்டாரோ நொடிக்கு நாலு டிகிரிதான். அங்கே விட்டுவிட்டு மறுபக்கம் பிடிக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் அடிவானத்திலிருந்து 60 டிகிரி உயரத்தில் போகிற நாள்தான் நல்ல நாள்.

மலர் சித்தி: நடுராத்திரி பாரேன், நல்ல இருட்டு.

கண்ணன்: அப்போது அதுவும் பூமி நிழலில் இருக்கும் சித்தி. நமக்கு இருட்டி, அதன் மேல் வெயில் படுகிற நேரம் வேண்டும். அந்தி சாய்ந்த பிறகு, இல்லையென்றால் விடியலுக்கு முன்.

பிரியா: ஏதாவது தெரியுமா, வெறும் புள்ளியா?

கண்ணன்: 109 மீட்டர் அகலம், நேர் மேலே சுமார் 400 கிலோமீட்டர் தூரம். கிட்டத்தட்ட வியாழன் அளவுக்குத் தெரியும், சூரியத் தகடுகள்கூடத் தனித்தனியாக. வீடியோ எடுத்து நல்ல படங்களைப் பொறுக்க வேண்டும், பாதிக்கு மேல் குப்பைதான்.

மலர் சித்தி: சரி, முற்றத்துப் பூண்டை உள்ளே எடுத்துவைக்கிறேன். மன்னவனூர்ப் பக்கம் மேகம் ஏறுகிறது, பார்த்துக்கொள்.

கண்ணன்: 7 மணிக்கு முற்றத்து விளக்கையும் அணைத்துவிடுங்கள் சித்தி.