மாற்று வழி இருந்தும் நெட்வொர்க் நின்ற கதைகள்: ஸ்பானிங் ட்ரீ அனுபவங்களைப் பகிருங்கள்

அம்பத்தூரிலிருந்து

தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். மூன்று கட்டடங்கள், கட்டடத்துக்கு ஒரு ஸ்விட்ச் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி), சுற்றி வளையமாகக் கேபிள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாகப் போகட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தோடு போட்ட ஏற்பாடு. மழைக்காலத்தில் ஸ்டோர்ஸுக்குப் போகும் கேபிளை எலி கடித்துவிட்டது. மாற்று வழி வேலை செய்யத்தான் செய்தது, ஆனால் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்து. அதற்குள் பில்லிங் மென்பொருள் எல்லோரையும் வெளியே தள்ளிவிட, கேட்டில் லாரிகள் நின்றுவிட்டன.

வளையத்தை அப்படியே விட முடியாது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு, அதாவது கேபிளில் போகும் தகவல் பொட்டலத்துக்கு, இத்தனை தாவலோடு முடிந்துவிடு என்று சொல்லும் ஆயுள் எண் கிடையாது; எல்லோருக்கும் அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் உள்ளே போனால் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் முடக்கிவிடும். அதனால்தான் 1985-இல் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) கணினி நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். ஸ்விட்ச்கள் தங்களுக்குள் ஒரு ரூட்டை, அதாவது தலைமை ஸ்விட்சை, தேர்ந்தெடுத்து, உபரி வழியை அடைத்து வைக்கும். இதன் பழைய வடிவமான 802.1டி முறையில் எல்லாம் டைமர் கணக்கு: பழைய தகவல் காலாவதியாக 20 விநாடி, பிறகு போர்ட் (கேபிள் செருகும் துளை) திறக்கும் முன் கவனிக்க (லிசனிங்) 15, முகவரிகளைக் கற்க (லேர்னிங்) 15. மொத்தம் 50. எங்களுக்கு நடந்தது இதுதான்.

2001-இல் வந்த ரேபிட் முறைக்கு, அதாவது 802.1டபிள்யூவுக்கு, எல்லா ஸ்விட்ச்களையும் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாத நேரத்தில் அதே கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். அப்பவும் அரை நிமிடம்! ரேபிட் முறையில் பக்கத்து ஸ்விட்சிடம் 'திறக்கட்டுமா' என்று கேட்டு, சம்மதம் வந்ததும் போர்ட் திறந்துவிடும். ஆனால் இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசும் ஃபுல் டூப்ளெக்ஸ் இணைப்பில்தான் அப்படிக் கேட்கும். எங்கள் உபரி இணைப்பில் ஒரு முனையை 100 எம்பிபிஎஸ், ஃபுல் என்று நிலையாக வைத்திருந்தார்கள், மறுமுனை ஆட்டோ, அதாவது எதிர்முனையோடு பேசி முடிவு செய்வது. ஆட்டோ முனை பேசிப் பார்த்து, பதில் வராமல், ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கியிருந்தது. அதனால் கேட்காமல் பழையபடி 15+15 விநாடி காத்திருந்தது. அந்த வழி எப்போதும் அடைபட்டே கிடந்ததால் கோளாறு யார் கண்ணிலும் படவில்லை. என்னை உலுக்கியது அதுதான். இரண்டு முனையையும் ஆட்டோவாக்கினேன். மறுபடி பிடுங்கியபோது சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த பிங்குகளில் ஒன்றே ஒன்றுதான் தவறியது.

உபரி வழி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஆள் இல்லாத நேரத்தில் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். விளக்கு பச்சையாக எரிகிறது என்று நம்பாதீர்கள்.

பெருங்குடியிலிருந்து

எங்களுக்குத் தொல்லை ரூட்டில். தினமும் மாலை ஏழு மணி வாக்கில் சில விநாடி எல்லாம் நிற்கும், காலையிலும் அப்படியே. தேடினால், ரூட் ஸ்விட்ச் ரிசப்ஷனில் மேசைக்கு அடியில் இருந்தது! ரூட் தேர்தலில் சின்ன பிரயாரிட்டி எண் ஜெயிக்கும்; யாரும் அதை மாற்றாததால் எல்லாமே ஆரம்ப மதிப்பான 32768. சமமாக இருந்தால் சின்ன மேக் முகவரிக்காரர் (கருவியோடு வரும் எண்) ஜெயிப்பார். அந்தப் பழைய ஸ்விட்சுக்குத்தான் சின்ன முகவரி. இரவு பூட்டும்போது செக்யூரிட்டி அண்ணன் மின்சாரம் மிச்சம் என்று அந்த பிளக் பாயின்ட்டை அணைத்துவிடுவார். உடனே புதுத் தேர்தல்.

சர்வர் அறையில் இருக்கும் கோர் ஸ்விட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக இருப்பதற்கு 8192 என்று வைத்தோம். இப்போது அண்ணன் நிம்மதியாக அணைக்கிறார், எங்களுக்கும் தொல்லை இல்லை.

தாம்பரத்திலிருந்து

கல்லூரி லேபில் பார்த்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஐபி முகவரி கிடைக்காமல், தானே வைத்துக்கொண்ட 169.254 முகவரியைக் காட்டும். கணினி மாட்டிய போர்ட்டும் 30 விநாடி காத்திருந்துதான் திறக்கும், அதற்குள் முகவரி தரும் டிஹெச்சிபியைக் கேட்டுக் கேட்டுக் கணினி களைத்துவிடும். அந்தப் போர்ட்களை எட்ஜ், அதாவது கணினி மட்டும் மாட்டும் முனை, என்று அறிவித்ததும் சரியாகிவிட்டது.

ஆனால் எட்ஜ் போட்டால் பிபிடியு கார்டையும் சேர்த்தே போடுங்கள். பிபிடியு என்பது ஸ்விட்ச்கள் அனுப்பும் ஸ்பானிங் ட்ரீ செய்தி; அது வந்தால் போர்ட்டை மூடுவது கார்டு. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் வாங்கிய சின்ன ஸ்விட்ச் ஒன்றின் இரண்டு கேபிளையும் ஒரு மாணவர் சுவர் சாக்கெட்டில் குத்திவிட்டார். கார்டு இருந்ததால் எங்கள் ஸ்விட்ச் தான் அனுப்பிய பிபிடியுவே திரும்பி வருவதைப் பார்த்து போர்ட்டை மூடிவிட்டது. சில மலிவு ஸ்விட்ச்கள் பிபிடியுவை விழுங்கிவிடும், அதற்கு வளையத்தைக் கண்டுபிடிக்கும் லூப் டிடெக்‌ஷனும், பிராட்காஸ்டுக்கு வரம்பும் தனியாகப் போட வேண்டும். நாங்கள் அடுத்த வாரமே எல்லா லேபுக்கும் போட்டுவிட்டோம்.