மறு: ‘பேமெண்ட் கேட்வே’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நான் கேட்டது ஒரு சொல். வந்த மடல்களைச் சேர்த்தால் குட்டி அகராதியே போட்டுவிடலாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலைக்கு நான் பொருளாளர். சந்தாவையும் நன்கொடையையும் வலைத்தளத்தில் கார்டு மூலமும் வாங்கலாம் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டாயிற்று. தளம் முழுக்கத் தமிழ். பொத்தான், ரசீது, கேள்வி-பதில் பக்கம் எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. கார்டில் போடுகிற பணத்தை வலைத்தளம் வழியாக வாங்கி நம் வங்கிக் கணக்கில் சேர்க்கிற நிறுவனத்தை எல்லாரும் ‘பேமெண்ட் கேட்வே’ என்கிறார்கள். அங்கேதான், இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டோம்.

> யுபிஐ இருக்கும்போது கார்டு எதற்கு? கியூஆர் அட்டையை மேசையில் வைத்தால் போதாதா?

உள்ளூர்ச் சந்தாவுக்குப் போதும், அண்ணாச்சி. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் பிடித்தம் கிடையாது என்பதால் அதை விட்டுவிட யாருக்கும் மனசு வராது. ஆனால் எங்களுக்குப் பெரிய தொகை தருகிறவர்கள் குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் பிறந்து குவைத்திலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கிறவர்கள். அங்குள்ள போன் எண்ணில் யுபிஐ வைத்துக்கொள்ளாதவர்கள் நிறைய. கையில் ஊர் வங்கியின் கிரெடிட் கார்டு இருக்கிறது. ரொக்கமாக ஊரில் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது.

> கட்டண நுழைவாயில் என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் புதிது?

எனக்கு அதில் இரண்டு தகராறு. கட்டணம் என்றாலே நம் காதில் விழுவது நுழைவுக் கட்டணம், கட்டணக் கழிப்பிடம். கன்னியாகுமரிப் படகுத்துறையில் விவேகானந்தர் பாறைக்குச் சீட்டு வாங்குகிற வரிசைக்கு மேலே ‘கட்டண நுழைவாயில்’ என்று எழுதி மாட்டினால் அச்சாகப் பொருந்தும். நன்கொடை கட்டணம் ஆகாதே.

இரண்டாவது தகராறுதான் பெரிது. வாயில் என்றால் அதைக் கடந்து போவோம், அது நம் பையில் கைவிடாது. எங்கள் பாஸ்புக்கில் நடந்ததைக் கேளுங்கள். குவைத்திலிருந்து ஒருவர் கிரெடிட் கார்டில் 5,000 ரூபாய் போட்டார். இரண்டு நாள் கழித்து விழுந்தது 4,882. போட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயர். கணக்குத் தணிக்கை பார்க்கிற எங்கள் மூத்த உறுப்பினர் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு பைசாவைக்கூட விடமாட்டார். பேனாவை அந்த வரியிலேயே ஊன்றிக்கொண்டு, “நம்ம ஆளு போட்டது ஐயாயிரம். இது வேற யாரோ போட்ட நாலாயிரத்துச் சொச்சம். யாரு இவரு?” என்றார்.

கணக்கு சுலபம்தான். இரண்டு சதவீதப் பிடித்தம் 100 ரூபாய், அந்த நூறுக்குப் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 18 ரூபாய், ஆக 118. ரசீது 5,000க்குத்தான் போட வேண்டும், வரவில் 5,000, செலவில் 118. அதை அவர் உடனே ஒத்துக்கொண்டார். ‘யாரு இவரு’ என்பதற்கு மட்டும் என்னால் தமிழில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ‘நுழைவாயில்’ என்று சொல்லிப் பார்த்தேன். “வாசலுக்கு எதுக்குவே நூத்திப் பதினெட்டு?” என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது, சட்டமும் அவர் பக்கம்தான். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல் இவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. தொழில்நுட்பத்தை மட்டும் தந்து பணத்தைத் தொடாதவர் கேட்வே. வாங்குகிறவரிடமிருந்து பணத்தைத் தானே பெற்று, வைத்திருந்து, விற்கிறவருக்குத் தருகிறவர் அக்ரிகேட்டர். முதல் வகைக்கு அனுமதி தேவையில்லை. இரண்டாவது வகை, வங்கியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் அனுமதி வாங்கியாக வேண்டும். விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும், மூன்றாம் நிதியாண்டு முடிவதற்குள் அது 25 கோடியாக வேண்டும். பிறருடைய பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் வைத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த புதிய நெறிமுறையிலும் இந்த அடிப்படை மாறவில்லை. இணையத்தில் வாங்குகிறவர், கடையில் நேரில் வாங்குகிறவர், எல்லை தாண்டி வாங்குகிறவர் என்று உட்பிரிவுகள் வந்தன, அவ்வளவுதான்.

வரிக்கணக்கிலும் இதே கோடுதான். 2,000 ரூபாய் வரையிலான கார்டு பரிவர்த்தனைக்குப் பிடிக்கிற தொகைமேல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ரிசர்வ் வங்கியின் கீழ் வருகிற அக்ரிகேட்டருக்கும் அது பொருந்தும், பணத்தைக் கைமாற்றித் தராத கேட்வேக்குப் பொருந்தாது என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. எங்கள் ஆண்டுச் சந்தா 1,000 ரூபாய். அதில் 20 ரூபாய் பிடித்தால் அதோடு முடிந்தது, 3 ரூபாய் 60 காசு மிச்சம். சின்னக் காசுதான், ஆனாலும் இவர் பணத்தைத் தொடுகிறாரா இல்லையா என்பதில்தான் அது நிற்கிறது. ஊரில் எல்லாரும் இரண்டையும் சேர்த்து ‘கேட்வே’ என்கிறார்கள், விற்க வருகிற பிரதிநிதி உட்பட. தமிழிலும் அதே குழப்பத்தை வாங்கிவைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய மற்றச் சொற்களுக்கு வருகிறேன்.

‘கட்டணச் செயலி’ சரிவராது. பிராசஸரைச் செயலி என்ற காலம் போய்விட்டது. இன்று செயலி என்றால் போனில் இருக்கிற ஆப். படிக்கிறவர் கூகுள் பே என்றுதான் நினைப்பார்.

‘பணத் தொகுப்பாளர்’ என்றால் டிவியில் மைக் பிடித்து நிற்கிறவர் கண்முன் வந்துவிடுகிறார்.

‘பணத்திரட்டி’ எனக்கே ஒரு நிமிடம் பிடித்திருந்தது. வலைப்பதிவு எழுதிய தலைமுறைக்குத் திரட்டி என்றால் எல்லாப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் தளம் ஞாபகத்துக்கு வரும், அக்ரிகேட்டருக்கு அது நேர்ச்சொல்லும்கூட. ஆனால் கூடவே பணம் என்று சேர்ந்தால், ஊர்ப் பணத்தைத் திரட்டிக்கொண்டு ஓடினவன் நினைப்பு வருகிறது. குமரி மாவட்டத்தில் சீட்டுக் கம்பெனிக் கதை கேட்காத வீடு இல்லை.

‘தண்டலர்’ நல்ல பழைய சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குத் தண்டல் என்றால் தினமும் கடைவாசலில் வந்து நிற்கிற வட்டிக்காரர்.

பேமெண்டுக்குக் கொழும்பு நண்பர் சொன்ன ‘கொடுப்பனவு’ இலங்கையில் அலுவலகம், வங்கி எங்கும் சரளமாக ஓடுகிறது. இங்கே மொழிபெயர்ப்பு அறிக்கைகளில் மட்டும்தான் பார்க்கிறேன். குறை சொல்லவில்லை. எங்கள் உறுப்பினர்களில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் வரியைக் ‘கரம்’ என்றும் வீட்டு வரியைத் ‘தீர்வை’ என்றும் சொல்கிறவர்கள். அதனால்தான் செட்டில்மெண்டுக்கு, அதாவது வாங்கிய பணத்தை நம் கணக்கில் போடுவதற்கு, ‘தீர்வு’ என்று போடவும் தயங்குகிறேன். ‘உங்கள் தொகைக்கான தீர்வு நிலுவையில் உள்ளது’ என்று எழுதினால் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சரி, என் முன்மொழிவு: இடைப்பெறுநர்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகிய எல்லாருக்கும் அனுப்புநர், பெறுநர் தெரியும். நன்கொடையாளர் அனுப்புநர். வாசகசாலை பெறுநர். நடுவில் பெற்று நம்மிடம் சேர்க்கிறவர் இடைப்பெறுநர். விளக்கக் குறிப்பே வேண்டாம். பணத்தைத் தொடாத தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பணவழி என்று வைக்கலாம். கார்டு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் பின்னால் இருந்து கணக்கை ஓட்டுகிற உண்மையான பிராசஸரைச் சிறு அமைப்பின் பொருளாளர் சந்திக்கப் போவதே இல்லை. அவருக்குச் செயலாக்குநர் என்று வைத்துவிட்டு நகரலாம்.

கூடவே சில சொற்கள். எஸ்க்ரோ கணக்கு – இடைவைப்புக் கணக்கு. செட்டில்மெண்ட் – வரவு வைப்பு. எம்டிஆர் (கார்டில் வாங்குகிற பணத்துக்கு நம்மிடம் பிடிக்கிற சதவீதம்) – அட்டைப் பிடித்தம். இதற்கு ‘வணிகர் கழிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். புத்தகம் விற்கிறவர்களுக்குக் கழிவு நன்றாகப் புரியும், ஆனால் மற்றவர்கள் கடைக்காரர் நமக்குத் தருகிற தள்ளுபடி என்று எடுத்துக்கொள்வார்கள். பிடித்தம் என்றால் சம்பளச் சீட்டு பார்த்த யாருக்கும் நம் காசு குறைகிறது என்று தெரியும்.

சார்ஜ்பேக்குக்கு மறுப்புப் பிடித்தம். கார்டுக்காரர் தன் வங்கியில் ‘இது நான் செய்யவில்லை’ என்று மறுக்கிறார், இடைப்பெறுநர் அடுத்த வரவிலிருந்து அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்கிறார். சில நேரம் தண்டத்தொகையும் உண்டு. ‘திருப்பித் தருதல்’ வேறு, அது நாமாக மனமுவந்து செய்வது. பொருளாளருக்கு இரண்டும் ஒன்றில்லை.

மறுப்புப் பிடித்தம் எங்களுக்கு எங்கே வரும் என்று கேட்டிருந்தார்கள். நன்கொடைப் பக்கத்தில்தான் வரும். திருட்டு கார்டு ஓடுகிறதா என்று பார்க்க நன்கொடைப் பக்கங்களில் சின்னத் தொகை போட்டுப் பார்ப்பது தெரிந்த உத்தி. இந்திய கார்டுக்கு ஓடிபி கேட்கும். வெளிநாட்டு வங்கி கொடுத்த கார்டு அது இல்லாமலே கடந்துவிடலாம். அதைவிடச் சிக்கல் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும். அதைப் பெறப் பதிவு வேண்டும். பதிவு இருந்தாலும் முதலில் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வர வேண்டும். தக்கலைக் கிளையில் உள்ள சாதாரணக் கணக்குக்கு வரவு வைக்கிற இடைப்பெறுநரால் ஆகிற காரியமில்லை. ஆகவே வெளிநாட்டு கார்டை மூடிவைத்துவிட்டோம். நன்கொடையாளர் சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

எந்த இடைப்பெறுநரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்ட நண்பருக்கு: இரண்டு சதவீதமா ஒன்றே முக்காலா என்று பேரம் பேசுவதற்கு முன்னால், ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிற அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான அமைப்பை எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் முதலில் போன நிறுவனம் சங்கத்தின் பான், துணைவிதி, தீர்மான நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு, பணம் வரத் தொடங்கிய பிறகு, தளத்தில் ‘திருப்பித் தரும் விதிமுறை’ப் பக்கம் இல்லை என்று வரவு வைப்பை நிறுத்திவிட்டது. நன்கொடைக்கு ஏது திருப்பித் தருதல்? ஆனாலும் பக்கம் எழுதிப் போட்ட பிறகுதான் காசு வந்தது. போனில் ஆள் கிடைக்கிற இடமென்றால் அரை சதவீதம் அதிகமாகவே கொடுக்கலாம்.

பொருளாளர்

---

தம்பிக்கு,

பெறுநர் என்பது ஆளைக் குறிக்கும் சொல். நிறுவனத்துக்கு எப்படிப் பொருந்தும்? இன்னொன்று, இடைப்பெறுநர் என்று கேட்டவுடன் இடையில் புகுந்து காசை அமுக்குகிறவர் போல இருக்கிறது. இதற்குப் போய்த் திரட்டியே தேவலை. பணவிடை, வரைவோலை, காசோலை என்று எவ்வளவு நயமான சொற்கள் நமக்கு இருக்கின்றன! அந்த வரிசையில் இது நிற்குமா?

நாகர்கோவிலிலிருந்து டீச்சர்

---

டீச்சருக்கு வணக்கம்.

விற்பனையாளர், ஒப்பந்ததாரர், காப்பீட்டாளர் எல்லாம் ஆளைக் குறிக்கிற சொற்கள்தான், கம்பெனிகளுக்கும் அவற்றைத்தானே எழுதுகிறோம். கடித உறையில் பெறுநர் என்று போட்டுவிட்டுக் கீழே மாவட்ட மத்திய நூலகம் என்று எழுதினால் யாரும் தப்பு சொல்வதில்லை.

காசோலை வரிசை கருவியைக் குறிக்கிறது, நமக்கு வேண்டியது இங்கே ஆள். அமுக்குகிறவர் போலக் கேட்கிறது என்றீர்கள். கொஞ்சம் அப்படிக் கேட்கட்டும் டீச்சர். நம் பணம் இரண்டு நாள் இன்னொருவர் கையில் இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிந்தால், அது எந்த வங்கியின் இடைவைப்புக் கணக்கில் இருக்கிறது என்று நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள். ‘வாயில்’ என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்?

---

இடையில் ஒரு நடைமுறைச் சிக்கல்: போனில் பொத்தானுக்குக் கீழே ஒரு வரிதான் இடம். ‘இடைப்பெறுநர் வழியாகப் பாதுகாப்பாகச் செலுத்தப்படுகிறது’ உடைந்து மூன்று வரி ஆகிறது. ‘பணம் சேர்ப்பவர்:’ என்று போட்டு நிறுவனப் பெயரைக் காட்டலாமா? ரசீதிலும் கேள்வி-பதிலிலும் இடைப்பெறுநர் இருக்கட்டும்.

தளம் பார்த்துக்கொள்கிறவன்

---

வேண்டாம் தம்பி, ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்தால் பழையபடி குழப்பம்தான். ‘இடைப்பெறுநர்:’ என்று மட்டும் போட்டு, பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைப் போடுங்கள், ‘பாதுகாப்பாக’வை எடுத்துவிடலாம். பாஸ்புக்கில் எந்தப் பெயர் விழுமோ அதே பெயர் அங்கே இருக்க வேண்டும், விளம்பரப் பெயர் வேண்டாம். டீச்சருக்கு மறுப்பு இல்லையென்றால் சனிக்கிழமை சொற்கோப்பை ஏற்றிவிடலாம். பணவழிக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பொருளாளர்