திருவருகைக்கால மெழுகுதிரி செபத்துக்கு வழிகாட்டுங்கள்

இவ்வாண்டு, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களிலும், மாலையில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, வாரத்துக்கொன்றாக நான்கு திரிகள் வைத்த திருவருகை வளையத்தில் ஏற்றிய மெழுகுதிரியின் ஒளியில் மட்டும் குடும்பமாகச் செபிக்க விரும்புகிறோம். 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோகான் விகெர்ன் என்னும் லூத்தரன் இறையியலாளர், கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட ஏழைச் சிறுவர்களுக்காக வண்டிச்சக்கரத்தில் நாளுக்கொரு திரி ஏற்றிய வழக்கம் இது என்பதால், பிள்ளைகளுக்கே இதில் முதலிடம் என்று எண்ணுகிறேன். சென்ற ஆண்டு முதல் வாரத்து ஊதாத் திரி, மூன்றாம் ஞாயிறன்று இளஞ்சிவப்புத் திரியை ஏற்றும் முன்பே அடிவரை உருகித் தட்டில் உறைந்துவிட்டது. என் மகள் அழுதேவிட்டாள். நீங்கள் எத்தனை நிமிடம் எரியவிடுகிறீர்கள்? ஏற்றும்போது எசாயா 9-ஆம் அதிகாரத்தை வாசிப்பதா, அன்றைய நற்செய்தியையா? ஆறு வயதுச் சிறுமியும் அமைதியாக அமர்ந்திருக்கும்படி நீங்கள் கடைப்பிடிக்கும் முறையை அன்புகூர்ந்து எழுதுங்கள்.