வால்வு ஆம்ப்: ஒரு வால்வின் தகடு மட்டும் சிவக்கிறது

ஈசூன்வாசி:
ஈஎல்34 வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) நான்கு போட்ட புஷ்-புல் ஆம்ப்ளிஃபையர், அதாவது சேனலுக்கு இரண்டு வால்வு ஜோடியாக. ஃபிக்ஸட் பயஸ், அதாவது வால்வின் மின்னோட்டத்தை அடக்கும் நெகட்டிவ் வோல்டேஜ் தனியாக வருகிறது. இடது சேனலில் ஒரு வால்வின் சாம்பல்நிறத் தகடு பத்து நிமிடத்தில் செக்கச் சிவந்துவிடுகிறது, கூடவே உறுமல். வால்வை மாற்றினால் போதுமா?

மின்பிரியன்:
முதலில் ஆம்ப்பை அணையுங்கள். அப்படியே ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போய்விடும். ஆறிய பிறகு அந்த வால்வைப் பக்கத்து சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். சிவப்பதும் வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் பெரும்பாலும் கப்ளிங் கபாசிட்டர் (முந்தைய டிரைவர் வால்விலிருந்து சிக்னலை மட்டும் கடத்துவது) கசிகிறது: கிரிட்டின் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) நெகட்டிவ் வோல்டேஜ் குறைந்து மின்னோட்டம் எகிறும்.

உறுதிப்படுத்த, இடது சேனலின் இரண்டு ஈஎல்34ஐயும் கழற்றிவிட்டு ஆன் செய்து, டிரைவர் சூடேறியதும் சாக்கெட்டின் 5ஆம் பின்னை (கிரிட்) அளங்கள். இரண்டு சாக்கெட்டிலும் ஏறக்குறைய ஒரே நெகட்டிவ் அளவு வரவேண்டும். 3ஆம் பின்னில் (தகடு) 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஒற்றைக் கையால் மட்டும் அளங்கள், அண்ணே.

தெம்பனிஸ் ராகம்:
நம்ம சிங்கப்பூர் ஈரப்பதத்தில் சாக்கெட் பின்கள் கறுத்து பயஸ் துண்டிக்கப்படுவதும் உண்டு. கான்டாக்ட் கிளீனர் போட்டுப் பாருங்கள். கபாசிட்டர் என்றால் பழைய மதிப்பே, 630 வோல்ட் ரகம், இரு சேனலுக்கும் சேர்த்து. சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம்.

பிறகு ஸ்பீக்கரை இணைத்து பயஸ் வையுங்கள். கேத்தோடில் (மின்னோட்டம் அளக்கும் முனை) 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதன் குறுக்கே 0.35 வோல்ட் என்பது 35 மில்லிஆம்ப். தகட்டில் 430 வோல்ட் என்றால் 15 வாட், ஈஎல்34இன் வரம்பு 25. அரைமணி கழித்து மறுபடி அளங்கள், அளவு சற்று நகர்ந்திருக்கும்.